ஐந்து டன் சாகித்யகர்த்தா

1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 5 டன் எடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பெயர் இல்லியாக். வயிற்றுக்குள் 2,800 வால்வுகள். லெஜாரன் ஹில்லர் என்ற வேதியியல்காரர் அதில் பாலிமர் மூலக்கூறுகள் எப்படிச் சுருளும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடு. விதிக்கு ஒத்துவந்தால் வை, வராவிட்டால் வீசு. அவ்வளவுதான் சூட்சுமம். மனுஷன் பிரின்ஸ்டனில் இசையமைப்பும் படித்தவர். மூலக்கூறு இருந்த இடத்தில் சுரத்தை வைத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. துணைக்கு வந்த லியோனர்ட் ஐசக்சனும் வேதியியல்காரர்தான். இசைத் துறையிடம் அனுமதி கேட்டிருந்தால் இன்னும் கமிட்டி கூடிக்கொண்டிருக்கும்.

சுரம் உண்டாக்குவதில் சிரமமே இல்லை. 0 முதல் 14 வரை ஓர் எண்; எண்ணுக்கு ஒரு வெள்ளைக் கட்டை; ஆக இரண்டு ஸ்தாயி. இயந்திரம் கொட்டிக்கொண்டே இருக்கும். எது தேறும் என்று சொல்ல ஆள் வேண்டுமே? வியன்னா அரசவை இசைஞர் யோஹன் யோசஃப் ஃபுக்ஸைப் பிடித்தார்கள். அவர் 1741லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் கண்டிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. 1725இல் லத்தீனில் அவர் எழுதிய கவுண்டர்பாயிண்ட் (பல குரல்களை இணைத்துப் பின்னும் கலை) பாடநூல் குரு–சிஷ்ய சம்பாஷணையாகவே ஓடும். குரு, செத்து 130 வருஷமான இசையமைப்பாளர் பாலஸ்ட்ரீனா. சிஷ்யன், சாட்சாத் ஃபுக்ஸ். கேள்வியும் தானே, பதிலும் தானே. வாழ்க்கையில் யாரிடமும் தோற்காத வழி.

அந்தச் சட்டதிட்டங்களைத்தான் புரோகிராமாக எழுதினார்கள். மெட்டு 'ஸி'யில் தொடங்கி 'ஸி'யிலேயே முடிய வேண்டும். ஒரு ஸ்தாயியைத் தாண்டிப் பரவக் கூடாது. இரண்டு குரல்கள் ஐந்தாம் இடைவெளியிலேயே ஜோடி போட்டு நடக்கக் கூடாது. வந்த ஜாதகத்தையெல்லாம் தோஷம் சொல்லித் திருப்பியனுப்பும் தாத்தாவைப் போல, ஃபுக்ஸ் வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சில சமயம் எந்தச் சுரமும் பொருந்தாமல் பாட்டு முட்டுச்சந்தில் நிற்கும். உடனே அதுவரை போட்டதை அடியோடு அழித்துவிட்டு இல்லியாக் முதலிலிருந்து ஆரம்பிக்கும். முகம் சுளிக்காது, பேட்டாவும் கேட்காது. எந்த வித்வானிடம் இதை எதிர்பார்க்க முடியும்?

தேறி வந்ததும் பாட்டாக இல்லை; காகிதத்தில் எழுத்தும் எண்ணுமாக வந்தது. அதை மனிதர்கள் உட்கார்ந்து கையால் இசைக்குறிப்பாக எழுதினார்கள். கம்ப்யூட்டர் வந்தால் வேலை குறையும் என்று அப்போதே சொல்லியிருப்பார்கள்.

1956 ஆகஸ்ட் 9 அன்று நால்வர் குழு ஒன்று இப்படிப் பிறந்த படைப்பின் முதல் மூன்று பகுதிகளை வயலின், வயோலா, செல்லோவில் வாசித்தது. நான்காம் பகுதிக்கு வரும்போது ஃபுக்ஸ் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். மார்க்கோவ் சங்கிலி வந்தது: முந்தைய தாவல் இதுவானால், அடுத்தது இன்னதாக இருக்க இத்தனை நிகழ்தகவு. விதி இல்லை, வாய்ப்பு மட்டும். என் காதுக்கு முதல் இரண்டு பகுதிகள் தலைவாரிய சர்ச் பள்ளிப் பையன். நான்காவது, எங்கே போகிறோம் என்று தெரியாமலே வேகமாக நடக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

தொகுப்புக்கு இயந்திரத்தின் பெயரையே வைத்து 'இல்லியாக் சூட்' என்றார்கள். 1958இல் ஹில்லர் வேதியியலிலிருந்து இசைத் துறைக்கு மாறி, பரிசோதனை இசைக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். இல்லியாக்குக்கு மாற்றல் உத்தரவு வரவில்லை.