போயிட்டு வர்றோம்

எங்கள் வீட்டில் வாசல் தாண்டும்போது "போறேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் பாட்டி திரும்பக் கூப்பிட்டு, திண்ணையில் உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, "போயிட்டு வர்றேன்னு சொல்லுடா" என்று திருத்தித்தான் அனுப்புவாள். ஃபேர்போர்ட் கன்வென்ஷனுக்கு அப்படி ஒரு பாட்டி வாய்க்கவில்லை. இங்கிலாந்தின் பழைய நாட்டுப்பாட்டுகளுக்கு மின்கிதாரும் டிரம்ஸும் மாட்டிவிட்ட குழு அது. 1979 ஆகஸ்ட் 4 அன்று பகலில் நெப்வொர்த்தில் லெட் செப்பெலினுக்காகக் கூடிய பெருங்கூட்டத்தின் முன் வாசித்துவிட்டு, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆக்ஸ்போர்டுஷயரின் க்ராப்ரெடி கிராமத்துக்கு வந்தது. அங்கே ஒரு வயல்வெளியில், கண்ணீரும் பீருமாக, "போகிறோம்" என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே அதே ஊரில் மறுபடியும் மேடை போட்டார்கள். 1981இல் மட்டும் பக்கத்து ப்ராட்டன் கோட்டைக்கு மாறினார்கள். பிறகு க்ராப்ரெடிதான்.

நான் முதலில் போனது 1988இல். பான்பரி பக்கம் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கூட வேலை பார்த்த தாடிக்காரர் ஒருவர், ஒன்பது வருஷத்துக்கு முன்பு கலைந்துபோன குழுவின் கச்சேரிக்குக் கூப்பிட்டார். கலைந்த குழு எப்படிக் கச்சேரி செய்யும் என்று கேட்டேன். வருஷாவருஷம் அதே நாள்வாக்கில் கூடுவார்கள் என்றார். எங்கள் ஊரில் அதற்குத் திவசம் என்று பெயர் என்று விளக்கினேன். ரொம்ப யோசித்து, "அதேதான். ஆனால் இங்கே செத்தவர்களே வந்து சமைத்துப் போடுவார்கள்" என்றார்.

அந்த வருஷம் நாங்கள் கொண்டுபோன சாமான் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் ஆளுக்கொரு ரொட்டிப் பொட்டலமும்தான். மழை பெய்தது. விரிப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டோம், கீழே நனைந்தோம். மேடையில் டேவ் பெக் பேஸ் கிதாரை வயிற்றில் சாய்த்துக்கொண்டு சிரித்தபடி வாசித்தார். அந்த நாட்களில் அவர் ஜெத்ரோ டல் குழுவிலும் வாசித்துக்கொண்டிருந்தார். விடைபெற்ற கச்சேரியின் பதிவை வெளியிட எந்தக் கம்பெனியும் முன்வராததால், அவரும் மனைவியுமாக வுட்வார்ம் என்ற பெயரில் தாங்களே ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். அதற்கு முன் இருந்த கம்பெனியோ, ஒப்பந்தப்படி பாக்கியிருந்த ஆல்பங்களைச் செய்யாமல் இருப்பதற்காகக் குழுவுக்குப் பணம் கொடுத்தது. பாடாததற்குச் சன்மானம் வாங்கிய வித்வான்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ராத்திரி 'மேட்டி க்ரோவ்ஸ்' பாடினார்கள். தேவாலயத்துக்கு வந்த பெரிய வீட்டு அம்மாள் ஓர் இளைஞனைக் கூட்டிப்போகிறாள். வேலைக்காரன் ஓடிப்போய் எஜமானிடம் சொல்லிவிடுகிறான். வாள் உருவப்படுகிறது, இரண்டு பிணம் விழுகிறது. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கொடையில் விடியவிடியக் கேட்ட வில்லுப்பாட்டுக் கதைகளின் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது. குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு மொத்த வயலும் அந்தக் கொலைகளைக் குதூகலமாகக் கூடப் பாடியது. அங்கே விழுந்தவன்தான் நான்.

பிறகு பழைய கதையெல்லாம் தேடித் தெரிந்துகொண்டேன். லண்டனின் மஸ்வெல் ஹில்லில், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சைமன் நிக்கலின் குடும்ப வீட்டுக்குப் பெயர் ஃபேர்போர்ட். பையன்கள் மாடியில் கூடி வாசித்துப் பழகினார்கள், வீட்டின் பெயரே குழுவுக்கு ஒட்டிக்கொண்டது. முதல் கச்சேரி 1967 மே 27, ஒரு தேவாலயக் கூடத்தில். கேட்க வந்திருந்த மார்ட்டின் லாம்பிள் என்ற பையன், டிரம்ஸை இதைவிட நன்றாக வாசிப்பேன் என்று சொல்லி இடம்பிடித்தான். ஆரம்பகாலப் பாடகி ஜூடி டைபிள், கிதார் நீண்டுகொண்டே போகும்போது மேடையிலேயே உட்கார்ந்து கம்பளி பின்னுவாராம். தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போகும் நம்மவர்களைவிட அது மரியாதை.

1969 மே மாதம் பர்மிங்ஹாமில் வாசித்துவிட்டு விடியற்காலை எம்1 சாலையில் திரும்பும்போது வேன் உருண்டது. லாம்பிளும், கிதார் வாசித்த ரிச்சர்ட் தாம்ப்ஸனின் தோழியும் இறந்தார்கள். லாம்பிளுக்கு வயது 19. இதைப் பற்றிக் கேலியாக எழுத எனக்கு வரவில்லை. கலைந்துவிட நினைத்தவர்கள், அதுவரை பாடிவந்த அமெரிக்கப் பாட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, ஹாம்ப்ஷயரில் ஒரு வீட்டில் கோடை முழுக்க அடைந்துகிடந்து 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தை உருவாக்கினார்கள். சாண்டி டென்னியின் குரலும் டேவ் ஸ்வார்ப்ரிக்கின் பிடிலும் சேர்ந்தது அதில்தான் முழுசாகக் கேட்கும். அது வெளிவருவதற்குள் சாண்டியும், குழுவைத் தொடங்கிய ஆஷ்லி ஹட்சிங்ஸும் வெளியேறிவிட்டார்கள்.

வெளியேறுவது அங்கே ஒரு சம்பிரதாயம். இதுவரை இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் ஐந்து பேரில் மூன்று பேர் டேவ். 1971 கடைசியில் நிக்கலும் போய்விட, சில வருஷம் தொடங்கியவர்களில் ஒருவர்கூட இல்லாமலே குழு ஓடியது. மூலவர் இல்லாத கோயிலில் உற்சவர் மட்டும் வீதியுலா போன மாதிரி. அந்த 1971இல்தான் ஜான் லீ என்பவனைப் பற்றி ஒரு முழு ஆல்பம் போட்டார்கள். 1885இல் மூன்று முறை தூக்குமேடையில் நிறுத்தியும் காலடிப் பலகை திறக்காமல் பிழைத்தவன் அவன். பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

சாகாத விஷயத்தில் ஸ்வார்ப்ரிக் அவனையும் மிஞ்சினார். 1999இல் அவர் கவென்ட்ரியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, 'டெய்லி டெலிகிராஃப்' அவருக்கு முழு அஞ்சலிக் கட்டுரையே வெளியிட்டுவிட்டது. மேடையில் ஊத்திக்கொள்வதை அங்கே சாவது என்பார்கள். கவென்ட்ரியில் தான் செத்தது இது முதல் தடவை இல்லையே என்றாராம் மனிதர். செத்ததாகச் செய்தி வந்தால் ஆயுசு கெட்டி என்று நாம் சொல்வது பலித்தது. இரண்டு நுரையீரலையும் மாற்றிக்கொண்டு வந்து வாசித்தார், 2016 வரை இருந்தார்.

போன தடவை மனைவியையும் கூட்டிப்போனேன். பிளாஸ்டிக் விரிப்பு இல்லை. இடுப்புக்கு மெத்தை, கப் வைக்க ஓட்டை எல்லாம் உள்ள மடக்கு நாற்காலி இரண்டு. கூட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்க நீளக் கம்பில் கொடி. 1979இல் ஒரு ராத்திரியாக இருந்தது இப்போது மூன்று நாளாகிவிட்டது. அப்போது பக்கத்தில் இருந்தவர்களிடம் எந்தக் கிதார், எந்த ட்யூனிங் என்று பேசினேன். இப்போது எந்த முட்டியில் ஆபரேஷன் என்று பேசிக்கொண்டோம். மத்தியானம் முன்வரிசை வெள்ளைத்தாடிகள் தூங்கின. நரைத்த நிக்கல் பாடத் தொடங்கியதும் எழுந்தன.

"ஏங்க, போறோம்னு சொன்னவங்க இவங்கதானா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குச் சொன்னாங்க?"

என்னிடம் பதில் இல்லை. முடிவுப் பாட்டு எப்போதும்போல 'மீட் ஆன் தி லெட்ஜ்'. பத்தொன்பது வயதில் தாம்ப்ஸன் எழுதியது; வெளிவந்தபோது பெரிதாக விற்கவில்லை. மங்களத்துக்கு முன்பே செருப்பு தேடும் கூட்டம் இல்லை இது. எல்லாரும் எழுந்து நின்று, இல்லாதவர்களை நினைத்துக்கொண்டு பாடினார்கள். என் தாடிக்காரரும் இப்போது இல்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் க்ராப்ரெடிக்குப் போய் ஒருநாள் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ரப்பர் பூட்ஸ் அவசியம். நாற்காலி மட்டும் உயரம் குறைந்ததாக எடுத்துப்போங்கள். பின்னால் நாங்கள் உட்கார்ந்திருப்போம்.