பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டுக்காம்பரா

பத்தரமுல்லையில் இருந்துகொண்டு இந்நாட்டின் முதுமை முழுவதையும் பரிபாலித்துவரும் முதியோருக்கான தேசிய செயலகத்தின் மேலான சமுகத்துக்கு,

விடயம்: பராமரிப்புச் சேவை வழங்குநராகப் பதிவு கோரல்

பண்டாரவளைக்கு மேலே, பனி இறங்கினால் பக்கத்து லயமே தெரியாத ஒரு தோட்டத்திலிருந்து எங்கள் முதியோர் சங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

முதலில் நன்றி. வருமானம் குறைந்த, 70 வயது தாண்டியவர்களுக்கான கொடுப்பனவு 2025 ஏப்ரல் முதல் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருக்கிறது. இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று கூட்டத்தில் நீண்ட நேரம் பேசினோம். அமைச்சா, நலன்புரி நன்மைகள் சபையா, பிரதேச செயலகமா, தபால் கந்தோரில் காசை எண்ணித் தரும் பிள்ளையா என்று முடிவாகவில்லை. பெயரிலேயே முதியோர் இருப்பதால் உங்களுக்கே மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். பங்கிட்டுக் கொள்ளவும்.

அதே கூட்டத்தில் அந்த 5,000ஐக் கொஞ்சம் கணக்கும் பார்த்தோம். நாளுக்கு 166 ரூபாயும் சில்லறையும் வருகிறது. எங்கள் அங்கத்தவர் ஒருவர் பாரிசவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறார். அவருக்கு நாளுக்கு மூன்று பம்பர்ஸ் என்றால் மாதத்துக்கு 90. 5,000ஐ 90ஆல் பிரித்தால் ஒன்றுக்கு 55 ரூபாய். பண்டாரவளைப் பார்மசிகளில் அந்த விலைக்குப் பெரியவர்களின் பம்பர்ஸில் ஓரத்து லாஸ்டிக் வேண்டுமானால் கிடைக்கும். சோறு, மருந்து, சோப்பு, ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ இவ்வளவையும் அவர் விட்டுவிடச் சம்மதித்தாலும் மாதக் கடைசியில் இடிக்கும். இதைப் பற்றாக்குறை என்று சொல்லுமளவுக்கு நாங்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை. மாதத்தில் நாட்கள் அதிகம் என்று மட்டும் பதிவுசெய்து கொண்டோம்.

அடுத்தது வயது. இதில் உங்கள் ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 போதும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60இல் முதியவர். காசு கைக்கு வர 70. அதாவது 50 வயதில் கொழுந்துக்கூடையை இறக்கிவைக்கும் ஒரு பெண், அரசாங்கத்தின் கண்ணில் படுவதற்கு 20 வருடம் பொறுத்திருக்க வேண்டும். அதுவரை என்ன செய்வாள் என்று கவலைப்பட வேண்டாம். கைக்காசுக்குப் போவாள். அதே மலை, அதே நிரை, கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. சேமலாப நிதியும் இல்லை, லீவும் இல்லை. ஓய்வுக்குப் பின்னும் உற்சாகமாக உழைக்கும் முதியோர் என்று நீங்கள் ஏதாவது மலர் வெளியிட்டால் அட்டைப்படத்துக்கு ஆள் தருகிறோம்.

60இல் தரும் முதியோர் அடையாள அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டை வைத்திருப்பவருக்கு வரிசையில் முன்னுரிமை என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் கொடுப்பனவு நாளில் தபால் கந்தோர் வாசலில் வந்து பார்க்க வேண்டும். வரிசையில் நிற்கும் அத்தனை பேர் கையிலும் அதே அட்டை. யார் யாருக்கு வழிவிடுவது என்று புரியாமல் எல்லோரும் ஒருவருக்கொருவர் முன்னுரிமை கொடுத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறோம். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வாங்கும் குடும்பமாக இருந்தால் இந்தச் சிரமமும் இல்லை. பெரியவரின் காசு குடும்பத்தின் வங்கிக் கணக்கில் போய் விழுந்துவிடும். வந்துவிட்டதா என்று மகனிடம் அவர் கேட்பார். வந்ததும் போனதும் மகனுக்குத்தான் தெரியும்.

அஸ்வெசுமவுக்குள் நுழைய 22 அளவுகோல்கள் இருப்பதும் அறிவோம். வீடு, காணி, வாகனம், மின்சாரம் என்று ஒன்று விடாமல் விசாரிக்கிறார்கள். எங்கள் விடயத்தில் வேலை சுலபம்: லயம் தோட்டத்துடையது, காணியும் தோட்டத்துடையது, மண்சரிவு மட்டும் எங்களுடையது.

ஆவணங்களில்தான் கொஞ்சம் சிக்கல். இன்றைக்கு 70 வயதானவர் 1955 வாக்கில் பிறந்திருப்பார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி எங்கள் மலைகளில் அப்படிப் பிறந்தவர்களில் பெரும்பாலானோர் அன்று இந்நாட்டுப் பிரஜைகளே இல்லை. அவர்களில் பலரை முழுதாக ஏற்றுக்கொள்ள 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. பிறந்தபோது நீ யாருடைய ஆளோ என்று திரும்பிப் பார்க்காத அரசாங்கம், எழுபதில் கூப்பிட்டு உன் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று அன்பாக விசாரிக்கிறது. உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம்தான். எடுத்தாலும் தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் சிங்கள எழுத்தில் இன்னொரு பெயர், சேமலாப நிதிப் புத்தகத்தில் மூன்றாவது. மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்கும்போது சம்பந்தப்பட்டவருக்கே தான் யாரென்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். மேற்படி 2000ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. பார்க்காவிட்டால் முறையிடப் பராமரிப்புச் சபை இருக்கிறது. பத்திரிகையில் இதை வாசித்துக் காட்டியபோது எங்கள் சங்கத்துப் பாட்டி ஒருவர் எழுந்து நின்றார். மகள் குவைத்தில், மருமகன் கொழும்பில் கடையொன்றில். மகளின் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறாக்கி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்தப் பாட்டி. “நான் புள்ளைக மேல கேஸ் போடணுமா, புள்ளைக என் மேல போடணுமா?” என்று கேட்டார். சபையின் நிலைப்பாட்டை அறியத் தரவும்.

எங்கள் வேண்டுகோளின் மையம் இங்கேதான் இருக்கிறது. முதியோர் இல்லத்தைப் பதிவுசெய்தால் அது சேவை வழங்குநர். அதற்கு உதவி, நன்கொடை, தன்சலுக்கு மிஞ்சிய அரிசி எல்லாம் போகும். ஆனால் எங்கள் பக்கத்தில் கிடையில் விழுந்தவர் எந்த இல்லத்துக்கும் போவதில்லை. காம்பராவிலேயே கிடக்கிறார். அவரை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இதுவரை பதிவு இல்லை. ஆகவே மேலே சொன்ன பாரிசவாதக்காரரின் மனைவியைச் சேவை வழங்குநராகப் பதிவுசெய்யுமாறு கோருகிறோம். விவரம் வருமாறு. கட்டடம்: பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, இஸ்தோப்பு ஒன்று. ஊழியர்: ஒருவர், வயது 74. வேலை நேரம்: விடிய விடிய. உபகரணம்: கட்டிலில் விரித்திருக்கும் படங்கு, அதாவது கொழுந்தெடுத்த காலத்தில் இதே அம்மா இடுப்பில் கட்டியிருந்தது. நனைந்தால் கழுவி இஸ்தோப்புக் கொடியில் போடுகிறார். மழைக்காலத்தில் காய இரண்டு நாளாகும். அந்த இரண்டு நாளுக்கு உரப்பை.

முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நல்ல ஆலோசனை. அந்த அம்மாளின் எடை அவரின் எடையில் பாதி இருந்தால் அதிகம். தோளைப் புரட்டினால் கால் வராது, காலைப் புரட்டினால் தோள் திரும்பிவிடும். மருமகள் இருந்தால் ஒரு கை பிடிப்பாள். ஆனால் மருமகள் காலையில் பெரட்டுக் கணக்கெடுப்புக்குப் பிந்தினால் வேலை இல்லை. மாமனாரைக் கழுவித் துடைத்துவிட்டு ஓடி, நிரையில் பிந்தி நின்று, கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். இந்த அரைப்பேர்தான் இம்மலைகளில் முதியோர் பராமரிப்புக்கு ஒதுக்கப்படும் நிதி. எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் வராமல், ஒரு வருடமும் நிலுவை விழாமல், மருமகளின் சம்பளத்திலிருந்து நேரடியாகக் கழிகிறது.

சேவை வழங்குநர்களுக்கு மட்டுமல்ல, முதியவர்களுக்கே நேரடியாகச் சலுகை இருக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் சிரேஷ்ட பிரஜைகளின் 10 லட்சம் ரூபாய் வரையான நிலையான வைப்புக்கு 3 சதவீதம் கூடுதல் வட்டி வந்தது. அதையும் ஆராய்ந்தோம். 35 வருடம் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் வீதம் 2025இல் இருந்த 1,350 ரூபாய்ச் சம்பளத்தில் பணிக்கொடை கணக்கிட்டால் 6,61,500 ரூபாய். வைப்பிலிடலாமே என்கிறீர்களா? இடலாம். கடைக்காரன் கொப்பி, அடகு வைத்த தோடு, சின்ன மகளின் கல்யாணம், பெரிய மகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜன்சி, கூரைத் தகரம் ஆகியவற்றிடம் அனுமதி பெற்றுவிட்டால் மிச்சத்தை உடனே வைப்பிலிடுவோம். மிச்சத்துக்குத் தரும் அந்த 3 சதவீதத்துக்கும் நன்றி.

புலம்பல் போதும். ஒரு யோசனை சொல்கிறோம்.

எங்கள் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைகள் காலத்திலிருந்தே தோட்டங்களுக்குப் பழக்கமான ஏற்பாடு இது. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறி, பயிற்சி பெற்ற பிள்ளை ஒருவர் பார்த்துக்கொள்கிறார். மலையகத்திலேயே உருப்படியாக நடக்கும் பராமரிப்புச் சேவை இதுதான் என்று நாங்கள் சொல்வோம். ஏன் நடக்கிறது? துரைமார் குழந்தைகள்மேல் பிரியப்பட்டதால் அல்ல. தாயின் இரண்டு கையும் மலைக்கு வேண்டும். குழந்தை இடுப்பிலிருந்தால் ஒரு கைதான் கொழுந்தெடுக்கும். இந்தக் கணக்குப் புரிந்த நாளில் பிள்ளைக்காம்பரா பிறந்தது.

கிழவன் கிழவியைக் கட்டிலில் விட்டுவிட்டு மலைக்குப் போகும் மருமகளுக்கும் இரண்டு கை இருக்கின்றன. அதில் ஒன்று மனசோடு சேர்ந்து காம்பராவிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டுக்காம்பரா கட்டித் தரக் கோருகிறோம். பகல்நேர முதியோர் நிலையம் என்ற திட்டம் உங்களிடம் இருக்கிறது என்பது தெரியும். அந்தப் பெயரையே பலகையில் எழுதிக்கொள்ளலாம். கரம்போர்ட் வேண்டாம். இரண்டு கட்டில், சுடுதண்ணி, உட்காரும் கக்கூஸ், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, சம்பளத்துக்கு ஒரு ஆள் போதும். மனிதாபிமானம் என்று எழுதினால் கோப்பு நகராது என்பதால் காரணம் என்ற இடத்தில் “கொழுந்து நிறை அதிகரிப்பு” என்று எழுதியிருக்கிறோம். கம்பனிகளுக்கும் பிரதி அனுப்பலாம்.

ஆள் கிடைக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வீட்டுப் பராமரிப்பு உதவியாளர்களுக்கு நீங்களே பயிற்சி நடத்துகிறீர்கள். எங்கள் பிள்ளைகளும் படித்து வருகிறார்கள். படித்த கையோடு கொழும்பு பங்களாக்களுக்கும் இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் போய் அங்குள்ள தாத்தா பாட்டிகளைக் குளிப்பாட்டுகிறார்கள். டெல் அவிவில் ஒரு மூதாட்டியின் தோளும் காலும் ஒரே நேரத்தில் புரள்கின்றன. அதற்கான சம்பளத்தில்தான் இங்கே பம்பர்ஸ் வாங்குகிறோம். அந்நியச் செலாவணி என்றால் இப்படித்தான் சுற்றிவரும் போலிருக்கிறது. இங்கே ஒரு சம்பளம் வைத்தால் அந்தப் பிள்ளை எங்கள் தோளையும் காலையும் புரட்டும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கேரளத்தைப் பாருங்கள். கிடையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு ஆளுக்கு ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தில் மாதம் 600 இந்திய ரூபாய். பெரிய தொகை இல்லை. பல மாதம் நிலுவையில் நிற்கிறது என்று அங்கேயும் சண்டை. ஆனாலும் நோயாளிக்கு வேறு, பார்ப்பவளுக்கு வேறு என்று அந்த அரசாங்கத்தின் பேரேட்டில் இரண்டு வரிகள் இருக்கின்றன. உங்கள் பேரேட்டில் 5,000க்குக் கீழே இன்னொரு வரிக்கு இடமிருந்தால், அதில் 74 வயதான எங்கள் ஊழியரின் பெயரை எழுதவும். மூன்று எழுத்துக்கூட்டலில் எதை வேண்டுமானாலும் தெரிவுசெய்யலாம்.

ஒக்டோபர் 1ஆம் திகதி பற்றியும் ஒரு சிறு முறையீடு. உலக முதியோர் தினமும் சிறுவர் தினமும் அன்றைக்கே வருவதால் பாடசாலை மண்டபத்தில் எங்களையும் பிள்ளைகளையும் சேர்த்தே உட்காரவைக்கிறார்கள். பலூன் ஊதுகிறார்கள். போன முறை மேடையில் பேசிய பெரியவர் “நாளைய தலைவர்களே” என்று ஆரம்பித்து, எங்களையும் பார்த்துக்கொண்டே முடித்தார். எங்களில் சிலர் அதை நம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தயவுசெய்து தெளிவுபடுத்தவும். 2024 குடிசனக் கணக்கெடுப்பில் 65 தாண்டியவர்கள் நாட்டில் 12.6 சதவீதம் என்று வந்திருக்கிறது. 2012இல் 7.9 ஆக இருந்தது. இந்தப் போக்கில் போனால் பலூன் எங்களுக்கே போதாமல் போகும்.

அதே ஒக்டோபரில், 2025இல், ஜனாதிபதி பண்டாரவளைக்கே வந்து மலையக மக்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் கொடுத்தார். சந்தோசம். அந்த வீடுகளின் வரைபடத்தை யாராவது வரையும்போது கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை எத்தனை படி என்று எண்ணிப் பார்க்கும்படி நீங்கள் ஒரு கடிதம் போட்டால் உதவியாக இருக்கும். எங்கள் கடிதத்துக்கு அவர்கள் பதில் போடுவதில்லை.

கடைசியாக, இந்த விண்ணப்பத்தைப் பரிசீலித்து யாராவது நேரில் பார்க்க வருவதாக இருந்தால் முன்கூட்டியே அறியத்தரவும். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தும்வரை தோட்டத்துப் பாதைக்கு அரசாங்கக் காசு செலவழிக்கச் சட்டமே குறுக்கே நின்றது. திருத்திய பிறகு சட்டம் நகர்ந்துவிட்டது, பாதை அங்கேயேதான் கிடக்கிறது. வாகனம் பெக்டரியோடு நின்றுவிடும். மேலே லயத்துக்குப் படிதான். ஏற முடியாத அதிகாரிகள் வருத்தப்பட வேண்டியதில்லை. நோயாளிகளை இறக்குவதற்காகப் பிளாஸ்டிக் கதிரையில் கம்பு கட்டி வைத்திருக்கிறோம். தூக்க நாலு பேர் வேண்டும். இளவட்டங்கள் கொழும்பிலிருந்து வருவது தீபாவளிக்கு. வருகையை அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளவும்.

இங்ஙனம்,
செயலாளர்,
தோட்ட முதியோர் சங்கம்
(வயது 69, எனவே கொடுப்பனவுக்குத் தகுதியற்றவர்)

இணைப்பு: அங்கத்தவர் கைநாட்டுகள். சிங்களத்தில் வந்த உங்கள் முந்திய கடிதம், தமிழில் என்ன சொல்கிறது என்று தெரிவிக்கும்பொருட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறது.