புதருக்குப் பின்னால் புலி: சுற்றுலாப் படம் காட்டும் மரபு குறித்து ஓர் ஆராய்ச்சி

காட்டுக்குள் போவோருக்கு இலக்கணம் உண்டு. வண்டியை விட்டு இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது. காட்டிலிருந்து திரும்பி வந்தவர் உற்றார் உறவினரை என்னென்ன செய்யக் கூடாது என்பதற்கு மட்டும் இன்றுவரை ஒரு பலகையும் நடப்படவில்லை. அக்குறையை நீக்கப் புகுந்ததே இவ்வாய்வு.

ஆய்வுக்களம் எங்கள் வீட்டுக் கூடம். ஆய்வுக்குரிய மூலம், சென்ற மே மாதம் முதுமலையில் இரண்டு இரவு தங்கி நானும் மனைவியும் மகளும் எடுத்து, என் போனில் ஒன்றுசேர்த்த 614 படங்கள். ஆய்வுக்கு உட்பட்டோர் மூவர்: பெரியப்பா, பெரியம்மா, மாடி வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காபி குடிக்க வாருங்கள் என்று மட்டுமே அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

முதலில் வரலாறு. பிலிம் காலத்தில் இக்கலைக்கு இயற்கையே வரம்பு கட்டியிருந்தது: ரோலுக்கு 36. அதிலும் ஒன்றிரண்டு மாட்டும்போதே வெளிச்சம் பட்டுப் பாழாகும். கடைசி ஐந்தாறு, ரோலைத் தீர்ப்பதற்காகப் பாட்டியை வாசற்படியில் உட்காரவைத்து எடுத்தவையாக இருக்கும். மிச்சத்தை ஸ்டூடியோவில் கழுவி வாங்குவதற்குள் ஊரார் சுதாரித்துக்கொள்ளலாம். வசதியுள்ள வீடுகளில் ஸ்லைடு போட்டார்கள்; அந்த வட்டத் தட்டிலும் 80-க்குப் பிறகு இடமில்லை. போனில் இத்தகைய கருணை எதுவும் கிடையாது.

மா. கிருஷ்ணனை (1912–1996) இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அ. மாதவையாவின் மகன், 1950 முதல் சாகும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைக் கோத்துத் தாமே ஒன்றைப் பூட்டி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானையைப் பிடித்தார். எங்களிடம் இருந்தவை கடையில் வாங்கிய மூன்று போன்கள். அவற்றால் ஒரே புள்ளிமானை 43 முறை எடுத்திருக்கிறோம். 43-லும் அது அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. முப்பதாவது படத்தில் வாய் இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கிறது என்று மகள் சொல்வதை நான் மறுக்கவில்லை.

இனிக் கோட்பாடு. முதல், கரு, உரி என்று பொருளை மூன்றாகப் பகுத்த தொல்காப்பியர் சுற்றுலாப் படங்களைக் கருத்தில் கொண்டே அவ்வாறு செய்தார் என்பது என் துணிபு. முதற்பொருள் நிலமும் பொழுதும். ஆகவேதான் ஒவ்வொரு படத்துக்கும் “இது மசினகுடி போற வழி, காலையில ஆறேகால் இருக்கும்” என்ற முன்னுரை தேவையாகிறது. கருப்பொருளில் மாவும் புள்ளும் மட்டுமா வரும்? உணாவும் வருமே! எங்கள் தொகுப்பில் மிளகாய் பஜ்ஜி ஒன்பது படங்களில் தெளிவாக விழுந்திருக்கிறது. ஓடாததால் இருக்கலாம். பறை என்பது வீடியோவில் சஃபாரி வேன் கியர் மாற்றும் ஓசை. அதை மீறி ஒரு பறவை கூவியது என்பதை எங்கள் சொல்லை நம்பித்தான் ஏற்க வேண்டும்.

உரிப்பொருளில்தான் விஷயம் இருக்கிறது. படம் பார்ப்போர்க்கு உரியது முல்லை. பொழுது மாலை, ஒழுக்கம் இருத்தல். அதாவது எப்போது முடியும் என்று ஆற்றியிருத்தல். காட்டுவோர் இருவர் கணவன் மனைவியானால் மருதம் வந்து மயங்கும். “இந்த யானை முதல் நாள் சாயங்காலம் பார்த்தது” என்றேன். “ரெண்டாம் நாள் காலையில. நீங்க அப்ப தூங்கிட்டிருந்தீங்க” என்றாள். தேதியும் மணியும் அந்தப் படத்தோடேயே பதிவாகியிருக்கின்றன என்பது இருவருக்கும் தெரியும். பார்ப்பதில்லை. பார்த்தால் ஊடல் தீர்ந்துவிடும். “ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா சிறுத்தையைப் பார்த்திருக்கலாம்” என்னும் இரங்கல் நெய்தல். பாலையாவது, 71-ஆம் படத்தில் தலைமையாசிரியர் “மோட்டார் போட்டுட்டு வந்தேன், தண்ணி வழியும்” என்று எழுந்து போனது. குறிஞ்சிக்கு எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை, பெரியவர்கள் இருந்தார்கள்.

போவதற்கு முன் அவர் ஒரு நற்பணி செய்தார். காட்டெருமை என்று நான் காட்டியதை நிறுத்தி, “எருமை வேற இனம் சார். இது காட்டுமாடு. சங்கப் பாட்டுல ஆமான்னு வரும்” என்றார். முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருப்பதைப் பார்த்துப் பெரியம்மா, “பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சாக்ஸ் போட்டிருக்கே” என்று வியந்தார். வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை வரும் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. “பசு எத்தனை படி கறக்கும்?” என்று கேட்டார். வனவிலங்கு நூல்கள் பலவற்றைப் புரட்டியும் இக்கேள்விக்கு விடை இல்லை. அன்று மாலை கேட்கப்பட்டவற்றுள் உண்மையான அக்கறையோடு கேட்கப்பட்ட கேள்வி இது ஒன்றுதான்.

இவ்வாய்வின் முதன்மையான கண்டுபிடிப்புக்கு வருவோம். படத்தில் விலங்கின் அளவும் அதைப் பற்றிய கதையின் நீளமும் தலைகீழ் விகிதத்தில் அமைகின்றன. தெப்பக்காடு முகாமில் கேழ்வரகுக் களி உருண்டையை வாங்கிக்கொள்ளும் யானை திரை முழுக்க நிற்கிறது. 2023-இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம் எடுத்த முகாம் என்ற ஒரு வாக்கியத்தோடு அதன் கதை முடிந்தது. மாறாக, 208-ஆம் படத்தில் ஒரு மூங்கில் புதர் மட்டுமே உள்ளது. அதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அது புலிப் படம்.

2022 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 306 புலிகள். ஒன்றின் வரிபோல் இன்னொன்றின் வரி இராது. தானியங்கிக் கேமராவில் விழுந்த வரிகளை ஒப்பிட்டே ஆளை அடையாளம் காண்கிறார்கள். எங்கள் படத்திலும் வரிகள் உண்டு, மூங்கிலின் நிழல்கள். “ஜூம் பண்ணிப் பாருங்க பெரியப்பா” என்றேன். போனில் எடுத்து முடித்த படத்தை எவ்வளவு விரித்தாலும் இருக்கிற புள்ளிதான் பெரிதாகும், இல்லாத புலி வராது என்பது அறிவியல். எனினும் கதை வளர்ந்தது. பேருந்து நிலையத்தில் மைத்துனனிடம் சொன்னபோது புதர் அசைந்த மாதிரி இருந்தது. அலுவலகத்தில் சொன்னபோது வால் தெரிந்தது. பெரியப்பாவிடம் சொன்னபோது அது நின்று எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போயிற்று. நான் பொய் சொல்லவில்லை. இப்போது எனக்கே அந்தப் பார்வை நன்றாக நினைவிருக்கிறது. நினைவு வைத்துக்கொள்ளப் படம் எடுக்கிறோம் என்கிறார்கள். எனக்கோ காட்டக் காட்டத்தான் நினைவு முளைத்தது.

எஞ்சியிருப்பது ‘எல்லை கடந்த தள்ளல்’ என்னும் இடர். படம் பார்ப்பவர் கையிலேயே போனைக் கொடுப்பது மரபுக்கு விரோதம். கை சலித்ததால் கொடுத்தேன். பெரியப்பாவின் ஆட்காட்டி விரல் 614-இல் நிற்கவில்லை. அடுத்து கேஸ் புத்தகத்தின் முதல் பக்கம் வந்தது. என் உச்சந்தலை வந்தது. முடி எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க மகளை விட்டு எடுக்கச் சொன்னது. பிறகு, ஊர் திரும்பிய வாரத்தில் நடந்த கல்யாணம். பந்திக்குப் பக்கத்து நாற்காலியில் தலை பின்னால் சாய்ந்து, வாய் அகலத் திறந்து, ஜரிகை அங்கவஸ்திரத்தோடு பெரியப்பா தூங்குகிறார். அவர் இல்லாத குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் இருபத்திரண்டு பேர் சிரித்த படம்.

கூடத்தில் யாரும் பேசவில்லை. பெரியப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தை மெதுவாக விரித்தார். பல் எண்ணும் அளவுக்கு விரிந்தது. போனை என் பக்கம் திருப்பினார்.

“இது எந்தக் காட்டுலப்பா எடுத்தது?”