வேதாளர் எந்த ஊர்க்காரர்?

கே: 'பிளாக் பேந்தர்தான் முதல் ஆப்பிரிக்க சூப்பர் ஹீரோ' என்கிறான் பேரன். அதற்கு முன்பே நம் காமிக்ஸ் வேதாளர் ஆப்பிரிக்கக் காட்டில் மண்டையோட்டு மோதிரத்தால் குத்துவிடவில்லையா ஐயா?
– ஒரு வாசகர், ஜார்ஜ்டவுன்

ப: விட்டார். குடியுரிமைதான் இடிக்கிறது! 1936-இல் லீ ஃபாக் படைத்தபோது அவர் காடு ஆசியப் பக்கம் இருந்தது. பிறகுதான் ஆப்பிரிக்காவுக்குப் போனது. பட்டர்வொர்த் ஃபெர்ரி தாங்காத சுமை! ஆளும் உள்ளூர்க்காரர் அல்லர், கரையொதுங்கிய வெள்ளைக்காரர் வம்சத்தின் 21-ஆவது வாரிசு. காட்டையே கரைத்துக் குடித்த உள்ளூர் நண்பர் குரனுக்குக் கிடைத்ததோ துணைவேடம்தான். மந்திரவாதி மாண்ட்ரேக்கின் கூட்டாளி லோதார் கதை இன்னும் மோசம்: ஆப்பிரிக்க இளவரசர், சிம்மாசனத்தை விட்டுவிட்டு அவர் பின்னால் 1934 முதல் நடையாய் நடந்தார்.

ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1966-இல் கொண்டுவந்த பிளாக் பேந்தரான டச்சாலா, மண்ணின் மைந்தர், வக்காண்டா நாட்டு மன்னரும்கூட. ஆகவே பேரன் கட்சிக்கே வெற்றி. ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு டச்சாலாவைவிட, 2018 'பிளாக் பேந்தர்' படத்தின் துணைப்பாத்திரங்கள்தான் பிடித்தம். அண்ணன் ராஜா என்பதற்காகக் கிண்டலைக் குறைக்காத தங்கை ஷுரி. சண்டை நடுவே விக்கைக் கழற்றி எதிரி முகத்தில் எறியும் தளபதி ஒக்கோயே. இவர்களையும் விஞ்சியவர் மலைநாட்டு எம்பாக்கு: வந்த விருந்தாளியைப் பிள்ளைகளுக்கு இரையாக்குவதாக மிரட்டிவிட்டு, தாங்கள் சைவம் என்று சிரிப்பார். அந்தச் சைவக் கூட்டம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் வந்தால், பந்தலுக்குப் பந்தல் உபசரிப்போம். அண்டா காலியானால் பொறுப்பு வக்காண்டா தூதரகத்துக்கு!