தாத்தா எங்கள் ஊர்க்காரர்!

பினாங்கு லிட்டில் இந்தியாவில் தனியாக இருக்கும் 81 வயது அப்பா, கோலாலம்பூருக்கு எங்களோடு வர மறுக்கிறார். இந்தப் பிடிவாதத்துக்கு மருந்து உண்டா?
– ஒரு மகன், கோலாலம்பூர்

மகாதீரே டாக்டர்தான். அவருக்கே அந்த மருந்து கிடைக்காமல்தானே, 2018-இல் 92 வயதில் மறுபடியும் பிரதமராக வந்து உட்கார்ந்தார்! உங்கள் அப்பா நாட்டையா கேட்கிறார்? காலையில் நாலு எட்டு நடந்து, கடையில் ஒரு தே தாரிக் குடிக்கத்தானே கேட்கிறார்!

குயின் ஸ்திரீட் மாரியம்மனும் 1833-இல் கட்டிய கோயிலை விட்டு நகரவில்லை. விஜயதசமிக்குத் தேரில் ஒரு சுற்று. பிறகு வீடு திரும்பிவிடுகிறாள். மற்ற நாளெல்லாம் பிள்ளைகள்தான் போய்ப் பார்க்கிறார்கள். தீபாவளிக்கு அப்பாவையும் அப்படி ஒரு சுற்றுக்கு அழைத்துப் பாருங்கள், வருவார்.

அதற்குள் ஒரு வேலை: குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள், மாற்றுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.