பூவரசும் கொடிக்கயிறும்: திருகோணமலை முற்றங்களில் பருவம் அறிதல்

ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்த தொல்காப்பியர் திருகோணமலையின் உவர்மலையில் குடியிருந்தவர் அல்லர். இருந்திருந்தால் இரண்டோடு நிறுத்தியிருப்பார்: கச்சான், வாடை. கூதிரும் பின்பனியும் இந்தத் துறைமுகத்தில் நங்கூரமிட்டதற்குச் சான்றில்லை.

திருகோணமலை கிடப்பது ஏறத்தாழ 8½ பாகை வட அகலாங்கில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரமே வித்தியாசம். முற்றம் முழுக்க இலை பழுத்துக் கொட்டும் காலம் என்று ஒன்றும் கிடையாது. அப்படியிருக்க, முற்றத்து மரத்தின் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தக் காலத்தில் எடுத்தது என்று சொல்ல இயலுமா? இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா இதுவே.

முதலில் தாவரச் சாட்சிகள். செவ்வரத்தை பன்னிரண்டு மாதமும் பூப்பதால் சாட்சிக்கூண்டில் ஏற்றத் தகாதது. வேம்பு பங்குனி, சித்திரையில் பூக்கிறது; ஆனால் அந்தப் பொடிப்பூ கைபேசிப் படத்தில் தெரிவதில்லை, விளக்குமாற்றுக்குத்தான் தெரியும். போதாததற்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழல் மரத்தின் காலடியிலேயே சுருண்டுவிட, படம் தட்டையாகிவிடும். பூவரசு சற்று நம்பிக்கை தந்தது. காலையில் கருஞ்சிவப்புக் கண்ணோடு மஞ்சளாய் விரியும் பூ, வாடும்போது செம்மையேறிச் சுருள்கிறது. ஒரே கிளையில் இரு நிறமும் தெரியும் மாலைப்பொழுதில் படம் எடுக்காதவர் கமராவை விற்றுவிடலாம். ஆனால் அதுவும் பொழுதைக் காட்டுகிறதே தவிர மாதத்தைக் காட்டவில்லை. செடிகளின் கீழ்ப்பாகம் ஆய்வுக்கு உதவாது. கோட்டையிலிருந்து ஊருக்குள் உலாவரும் புள்ளிமான்கள் தங்கள் வாய் எட்டும் உயரம் வரை தனியாக ஓர் ஆய்வு நடத்துகின்றன.

தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்துச் செர்ரி மரமொன்றில் ஐந்தாறு பூ விரிந்தால், வானிலைத் துறையினர் பூக்காலம் பிறந்ததாக அறிவிக்கிறார்கள். நமக்கு அப்படியொரு மரம் இல்லை. ஆனால் மரத்தில் கட்டிய கொடிக்கயிறு இருக்கிறது.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான், மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு தென்மேற்கிலிருந்து வருகிறது. வடகிழக்கிலிருந்து வரும் வாடையோ நவம்பர், டிசம்பரில் மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. எனவே உவர்மலை முற்றமொன்றில் காயும் சாரம் கோணேசர் கோயில் பக்கம் பறந்தால் கச்சான். உட்துறைமுகத்தை நோக்கிப் பறந்தால் வாடை. கொடி வெறுமையாகி, உடுப்பெல்லாம் விறாந்தையில் தொங்கினால் வாடை முற்றிவிட்டது என்று பொருள். கருவியாகச் சாரமே சிறந்தது. ஆறு யார்ச் சேலை அசைய மறுக்கும். குழந்தைச் சட்டை எந்தக் காற்றுக்கும் ஆடும், நம்பமுடியாது. பிற்பகலில் கடற்காற்று குறுக்கிட்டு முடிவைக் குழப்புமாதலால் படத்தைக் காலையிலேயே எடுப்பது நன்று.

இம்முறையைச் சரிபார்க்க, பூவரசு பூத்துக் குலுங்கும் படமொன்றை ஸ்காபரோவில் உள்ள தங்கைக்கு அனுப்பி, பருவத்தைக் கணிக்கும்படி ஓர் அக்கா கேட்டார். உடனே மறுமொழி வந்தது: "மரம் வடிவா நிக்குது அக்கா. அந்தக் கிழிஞ்ச சாரத்தை அத்தான் இன்னும் எறியேல்லையோ?"