கேல், கஸ்ட், ஸ்குவால்: கொடிக்கயிற்று முறையில் ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு, பலத்த காற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்களைக் கற்பிப்பது. களம்: தென்காசியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. காலம்: ஆடி மாதம். கருவிகள்: நாலு முழ வேட்டி ஒன்று, நைலான் கொடி ஒன்று, கிளிப்பு இரண்டு. நிதியுதவி: எவரும் தரவில்லை.

இத்துறையில் முன்னோடிகள் இருவர்: நானும் என் அகராதியும். இருவருமே தவறிழைத்தோம். ‘ப்ரீஸ்’ என்றால் தென்றல் என்றது அகராதி. ‘கேல்’ கடுங்காற்று. ‘கஸ்ட்’டும் கடுங்காற்று. ‘ஸ்குவால்’ சூறைக்காற்று. ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன் மூன்றும் புயல். ‘டிப்ரஷன்’ மனச்சோர்வு. வங்கக் கடலில் மனச்சோர்வு ஒன்று உருவாகி, ஆழ்ந்த மனச்சோர்வாக வலுப்பெற்று, நாகப்பட்டினத்தை நோக்கி நகர்வதாக மகள் நோட்டில் எழுதியிருந்ததைக் கண்ட அன்றுதான் இந்த ஆய்வுக்குக் கால்கோள் இடப்பட்டது. (காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்பதே சரி. நாகப்பட்டினத்துக்காரர்களைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். அது தனி ஆய்வுக்கு உரியது.)

கோட்பாட்டுக்கு நான் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட்டைப் பற்றிக்கொண்டேன். 1805 வாக்கில் அவர் காற்றை 0 முதல் எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். இந்த வரிசை இன்று 12 வரை போகிறது. அவர் காற்றின் வேகத்தை அளக்கவே இல்லை. இந்தக் காற்றுக்குக் கப்பல் எத்தனை பாய் விரிக்கலாம், எப்போது சுருட்ட வேண்டும் என்று மட்டுமே பார்த்தார். 12-ஆம் எண் காற்றுக்கு எந்தப் பாயும் தாங்காது, முடிந்தது கதை. கி.மீ. கணக்கெல்லாம் பிற்பாடு வந்தது. ஆக, துணியைப் பார்த்துக் காற்றுக்குப் பெயர் சொல்வதுதான் மூல நெறி. பாய்க்குப் பதில் வேட்டி என்பது மட்டுமே என் பங்களிப்பு.

முதல் கண்டுபிடிப்பே அகராதியை அசைத்தது. 2 முதல் 6 வரை ஐந்து எண்களுக்கும் ப்ரீஸ் என்றே பெயர்: லைட், ஜென்டில், மாடரேட், ஃப்ரெஷ், ஸ்ட்ராங். மணிக்கு 6 கி.மீ.யில் வேட்டியின் கரை மட்டும் சற்றே சிலிர்த்தாலும் ப்ரீஸ். 40 கி.மீ.யில் வேட்டி கிடைமட்டமாக நின்று படபடவென்று அடித்து, தெருவில் போகிறவர் குடையோடு மல்லுக்கட்டினாலும் ப்ரீஸ்தான். இதைத் தென்றல் என்று மொழிபெயர்த்தவர் ஆடியில் தென்காசிப் பக்கம் வந்திருக்க மாட்டார். எண் 7 கேலுக்கு முந்திய நிலை. 8-இல், அதாவது 62 கி.மீ.யில்தான் கேல் பிறக்கிறது. நம் வானிலைத் துறை ‘சைக்ளோனிக் ஸ்டார்ம்’ என்று அறிவிக்கத் தொடங்குவதும் அதே 62-இல் என்பதைக் கண்டு நான் ஒருகணம் சிலிர்த்தேன். ஆய்வாளனுக்கு வேறென்ன சுகம் இருக்கிறது?

‘கஸ்ட்’ என்பதன் பொருள் ஆடி 14-ஆம் நாள் மாலை விளங்கியது. அதுவரை மாடரேட் ப்ரீஸ். வேட்டி ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தது. மகள் நோட்டில் ‘4’ என்று எழுதக் குனிந்தாள். நிமிர்ந்தபோது கொடியில் கிளிப்பு இரண்டும் இருந்தன, வேட்டி இல்லை. காற்றோ பழையபடி 4-க்கே திரும்பி, ஒன்றும் அறியாததுபோல் வீசிக்கொண்டிருந்தது. வானொலியில் “இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்” என்று வாசிக்கிறார்களே, அந்த ‘இடையிடையே’தான் கஸ்ட். சற்று நேரத்தில் அடுத்த வீட்டு அண்ணாச்சி குரல் கொடுத்தார்: “சார்வாள், ஒங்க வேட்டி எங்க தண்ணித்தொட்டி மேல கெடக்கு. ஒருத்தர் படுத்திருக்காருன்னுல்லா பயந்துட்டேன்!”

ஸ்குவால் வேறு சாதி. வேகம் திடுமென 30 கி.மீ. அளவுக்குக் கூடி, 40-ஐத் தாண்டி, குறைந்தது 1 நிமிடமாவது நிலைத்தால்தான் அந்தப் பெயர். கஸ்ட் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற கடன்காரர்; ஸ்குவால் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறவர்.

பெரும்புயல்களைப் பொறுத்தவரை கள ஆய்வுக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. நூலறிவு மட்டும் சொல்கிறேன். ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன் மூன்றும் ஒரே ஆள்தான். ஒருவரையே அக்கா வீட்டில் மாப்பிள்ளை என்றும் மாமன் வீட்டில் மச்சான் என்றும் அழைப்பதில்லையா? அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், வடமேற்குப் பசிபிக்கில் டைஃபூன், நம் கடலில் சைக்ளோன். பசிபிக்கில் கிழக்கிலிருந்து புறப்பட்ட ஹரிக்கேன் 180 டிகிரி தீர்க்கரேகையைக் கடந்ததும் டைஃபூன் ஆகிவிடுகிறது. மாவட்டம் மாறியதும் பதவிப் பெயர் மாறும் அதிகாரி மாதிரி. இவற்றில் சைக்ளோன் நம் பக்கத்துச் சரக்கு. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1840-களில் பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதை உருவாக்கினார்.

ஆய்வு முடிவுகள் காலாண்டுத் தேர்வில் சோதிக்கப்பட்டன. காற்றைப் பற்றி வந்தது ஒரே ஒரு கேள்வி, 1 மதிப்பெண்: மென்மையாக வீசும் காற்றின் பெயரால் கோடிட்ட இடத்தை நிரப்புக. மகள் கோட்டை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

“எத்தனாவது ப்ரீஸ்னு கேள்வில போடலையேப்பா.”